இருக்கலாம் என்பதும் இருந்தே தீரும் என்பதும்

எல்லாக் கூடைகளும் குடைகள். சில குடைகள் குதிரைகள். ஆகவே சில கூடைகள் குதிரைகள். இம்முடிவு முன்னிரண்டு கூற்றுகளிலிருந்து பெறப்படுமா, பெறப்படாதா? வங்கிப் பணிக்கும் அரசுப் பணிக்கும் நடைபெறும் போட்டித் தேர்வுகளில் இளைஞர்கள் 'ரீசனிங்' என்று வழங்கும் பகுதியை முதன்முதலாகத் திறந்து பார்ப்பவர், இத்தகைய விசித்திரமான வாக்கியங்களைக் கண்டு திகைப்பது இயல்பே. கூடை எவ்வாறு குடையாகும், குடை எவ்வாறு குதிரையாகும் என்று உலக அனுபவம் முன்வந்து தடுக்கும். ஆயினும் வினா அமைத்தவர் வேண்டுமென்றேதான் பொருளைக் குலைத்து வைத்திருக்கிறார். சொற்களின் பொருள் நமக்குத் துணை செய்ய மறுக்கும் இடத்தில்தான், வாக்கியத்தின் வடிவம் ஒன்றே நம்மை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்ல வல்லது என்பது புலனாகும். பயிற்சி மையங்களில் சிலாஜிசம் என்று சொல்லப்படும் இவ்வினா வகை, அரைமணி நேரத்தில் மனப்பாடம் செய்து முடிக்கத்தக்க சூத்திரக் கட்டு என்று மாணவர் பலர் எண்ணியிருக்கின்றனர். மனித அறிவு தன்னைத்தானே சோதித்துக் கொள்வதற்குக் கண்ட கருவிகளுள் மிகப் பழமையானதும் மிக நேர்மையானதுமான ஒன்று இது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது அவசியம்.

இக்கலையை முறைப்படுத்தித் தந்தவர், கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில். ஒரு வகுப்பை மற்றொரு வகுப்போடு தொடர்புபடுத்திச் சொல்லும் கூற்றுகளை அவர் நான்கு வடிவங்களில் அடக்கினார். எல்லாம் இத்தகையன என்பது ஒன்று. எதுவும் இத்தகையது அன்று என்பது மற்றொன்று. சில இத்தகையன என்பது மூன்றாவது. சில இத்தகையன அல்ல என்பது நான்காவது. இரண்டு கூற்றும் ஒரு முடிவுமாக மூன்று வாக்கியங்கள் கூடுவது ஓர் அனுமானம். மூன்றும் தனித்தனியே நான்கு வடிவங்களை ஏற்கக்கூடுமாதலின் 64 சேர்க்கைகள் உண்டாகின்றன. இரு கூற்றுகளுக்கும் பொதுவாய் நின்று அவற்றைப் பிணைக்கும் மத்திய பதம், எழுவாயாகவும் பயனிலையாகவும் இடம் மாறி நிற்கும் முறையால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் நான்கு உருவங்கள் அமையும். அரிஸ்டாட்டில் இவற்றுள் மூன்றையே விரித்துரைத்தார். நான்காவதைத் தனி உருவமாக வகுத்தவர்கள் பின்வந்தோர். ஆக மொத்தம் 256. இவ்வளவிலும் தப்பாத முடிவைத் தருவன, பழைய மரபின் கணக்குப்படி, 24 மட்டுமே. பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை என்னும் இவ்வுண்மை சிந்திக்கத்தக்கது. நம் செவிக்கு நியாயம் போல் ஒலிப்பவற்றுள் பெரும்பாலானவை நியாயம் அல்ல.

அப்படியானால் தேறியதற்கும் தேறாததற்கும் வேற்றுமை யாது? கூற்றுகள் முழுவதும் உண்மையாக இருக்க, முடிவு பொய்யாக இருப்பது எவ்விதத்தினும் சாத்தியம் இல்லையென்றால், அம்முடிவு பெறப்படும். ஒரே ஒரு வழியிலேனும் அது பொய்யாகக் கூடுமென்றால், பெறப்படாது. முடிவு உண்மையாக இருக்கலாம் என்று காட்டுவது போதாது. உண்மையாக இருந்தே தீரவேண்டும் என்று காட்டவேண்டும். சிலாஜிசத்தின் சாரம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. தேர்வு மண்டபத்தில் மாணவர் இழக்கும் மதிப்பெண்களிலும் பெரும்பகுதி, இருக்கலாம் என்பதை இருந்தே தீரும் என்று கொண்டதனால் இழக்கப்படுவதே.

நம்முடைய கூடை, குடை, குதிரையை வரைந்து பார்ப்போம். மூன்று வட்டங்களை ஒன்றையொன்று வெட்டும்படி இடுக. வெளியிடத்தையும் சேர்த்து எட்டுப் பகுதிகள் கிடைக்கும். குடையல்லாத கூடை இல்லை என்கிறது முதற்கூற்று. ஆகவே கூடை வட்டத்தில் குடைக்கு வெளியே எஞ்சும் பகுதியைக் கோடிட்டு அடைத்து, அது வெறுமை என்று குறித்துக்கொள்க. குடையும் குதிரையும் கூடும் இடத்தில் ஒன்றேனும் உண்டு என்கிறது இரண்டாம் கூற்று. அங்கே ஒரு பெருக்கற் குறி இடவேண்டும். ஆனால் எங்கே இடுவது? அப்பொது இடத்தைக் கூடை வட்டத்தின் விளிம்பு இரண்டாகப் பிளந்து செல்கிறது. குதிரையாகிய அந்தக் குடை விளிம்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பற்றிக் கூற்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆதலின் குறியை விளிம்பின் மேலேயே இட்டு நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. விளிம்பின் மேல் நிற்கும் குறிக்கு ஒரே அர்த்தந்தான் உண்டு: எனக்கு இவ்வளவே சொல்லப்பட்டது, இதற்கு மேல் நான் அறியேன் என்பதே அது. அக்குறியைக் கை தவறி உள்ளே தள்ளியவர் முடிவு பெறப்படும் என்று எழுதுகிறார். விளிம்பிலேயே நிறுத்தியவர் பெறப்படாது என்று எழுதுகிறார்.

இவ்வட்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர், பெர்லினில் இருந்த காலத்தில், ஜெர்மானிய இளவரசி ஒருத்திக்கு இயற்கைத் தத்துவங்களை விளக்கிக் கடிதங்கள் எழுதினார்; 1768 முதல் நூலாக வெளிவந்த அக்கடிதங்களில் வட்டங்களைக் கொண்டே அனுமான முறையைக் கற்பித்தார். கூற்று எவ்வாறு அமைந்ததோ அவ்வாறே வட்டத்தை வட்டத்துக்குள் அடக்கியும் விலக்கியும் வரைவது அவர் முறை. அது கண்ணுக்கு எளிது. ஆனால் பல நிலைகள் சாத்தியமாக இருக்கும்போது, அவற்றுள் ஒன்றை மட்டும் வரைந்துவிட்டு அதுவே முழுமை என்று மயங்குவதற்கு இடம் தந்துவிடும். கேம்பிரிட்ஜில் ஆசிரியராக இருந்த ஜான் வென் 1880-இல் வெளியிட்ட கட்டுரையில் இக்குறையை நீக்கினார். சாத்தியமான பகுதிகள் அனைத்தையும் முதலிலேயே வரைந்துவிட்டு, இல்லாததை அடைத்துச் செல்வது அவர் கண்ட முறை. அவர் பணியாற்றிய கல்லூரியின் உணவு மண்டபத்துச் சாளரக் கண்ணாடியில் அம்மூன்று வட்டங்களும் வண்ணத்தில் அமைக்கப்பட்டு இன்றும் ஒளிர்கின்றன.

படம் வரைய நேரமில்லாத மாணவனுக்கு மற்றொரு உபாயம் உண்டு. அது சொற்களை மாற்றிப் பார்ப்பது. வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு கூற்றுகளும் உண்மையாகவும் முடிவு வெளிப்படையான பொய்யாகவும் அமையும்படி மூன்று சொற்களைத் தேடவேண்டும். எல்லா யானைகளும் விலங்குகள். சில விலங்குகள் பூனைகள். ஆகவே சில யானைகள் பூனைகள். முன்னிரண்டும் உண்மை, மூன்றாவது பொய் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். வடிவம் அதுவேயாதலால், கூடையும் குதிரையும் பற்றிய முடிவும் இதனோடு சேர்ந்து விழுந்துவிடுகிறது. ஆயிரம் உதாரணங்கள் ஒத்து வந்தாலும் ஓர் அனுமான வடிவம் நிலைபெறாது. ஒத்துவராத உதாரணம் ஒன்று அகப்பட்டாலே அது வீழ்ந்துவிடும்.

பாட நூல்களில் விதிகளாகத் தொகுக்கப்பட்டவை யாவும் இந்த அடிப்படையிலிருந்து எழுந்தவையே. மத்திய பதம் ஒரு கூற்றிலேனும் தன் முழு வகுப்பையும் குறித்து நிற்கவேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. எல்லாக் கூடைகளும் குடைகள் என்னும்போது கூடைகள் முழுவதையும் பற்றிப் பேசினோம். குடைகளில் ஒரு பகுதியைத்தான் தொட்டோம். சில குடைகள் குதிரைகள் என்னும்போதும் குடைகளில் ஒரு பகுதியையே தொட்டோம். இரண்டு கூற்றுகளும் தொட்ட பகுதி ஒன்றேதான் என்பதற்கு என்ன பிரமாணம்? ஒன்றும் இல்லை. பாலத்தின் இரு கரைக் கால்களும் நடுவே வந்து சேராவிட்டால் எவ்வாறு ஆற்றைக் கடக்க முடியாதோ, அவ்வாறே இங்கும் முடிவை அடைய முடிவதில்லை. இரண்டு கூற்றுகளும் எதிர்மறையாக இருந்தால் முடிவு இல்லை. இரண்டும் 'சில' என்று தொடங்கினால் முடிவு இல்லை. ஒன்று எதிர்மறையானால் முடிவும் எதிர்மறையே என்பன போன்ற ஏனைய விதிகளையும் காரணத்தோடு அறிந்தவன் மறப்பதில்லை. காரணமின்றி மனனம் செய்தவனோ, நெருக்கடியில் ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதிவிடுகிறான்.

எதிர்மறைக் கூற்றுகளில் மாணவர் தடுமாறும் ஓரிடத்தை அருகில் சென்று காண்பது பயன் தரும். சில விளக்குகள் கண்ணாடிப் பொருள்கள். எந்தக் கண்ணாடிப் பொருளும் மரப்பொருள் அன்று. இவற்றிலிருந்து சில விளக்குகள் மரப்பொருள்கள் அல்ல என்பது நிச்சயமாகப் பெறப்படும். கண்ணாடியாலான அவ்விளக்குகளே அதற்குச் சாட்சி. ஆனால் சில மரப்பொருள்கள் விளக்குகள் அல்ல என்பது பெறப்படுமா? நாற்காலியும் கதவும் விளக்கு அல்லவே என்று மனம் உடனே சம்மதம் கொடுக்கும். நாற்காலியைப் பற்றிக் கூற்றில் யார் சொன்னார்கள்? மரப்பொருள்கள் அனைத்துமே விளக்குகளாக உள்ள ஓர் உலகத்தைக் கற்பனை செய்க. இரண்டு கூற்றுகளும் அவ்வுலகத்தில் ஒரு பழுதுமின்றி உண்மையாகவே இருக்கும். ஆகவே இரண்டாம் முடிவு பெறப்படாது. 'சில இத்தகையன' என்பதை, இரு பதங்களையும் இடம் மாற்றித் திருப்பிச் சொல்லலாம். 'எதுவும் அன்று' என்பதையும் திருப்பிச் சொல்லலாம். 'எல்லாம்' என்பதையும் 'சில அல்ல' என்பதையும் திருப்பிச் சொல்லலாகாது.

இக்காலத்துத் தேர்வுகள் இவ்வளவில் நிற்பதில்லை. ஒரு முடிவு தனியே பெறப்படாவிட்டாலும், இரண்டு முடிவுகளுள் ஒன்று உண்மையாகியே தீரும் என்று சொல்லக்கூடிய இடங்கள் உண்டு. சில கூடைகள் குதிரைகள் என்பதும், எந்தக் கூடையும் குதிரை அன்று என்பதும் இணையாகக் கொடுக்கப்பட்டால், எது மெய் என்று நம்மால் அறிய இயலாது. ஆனால் இரண்டும் ஒருங்கே பொய்யாகவும் இயலாது, ஒருங்கே மெய்யாகவும் இயலாது. ஆகவே 'இரண்டில் ஒன்று' என்னும் விடையே சரியானது. விளிம்பின் மேல் இட்ட குறி உள்ளேயும் விழலாம், வெளியேயும் விழலாம் என்பதைத் தவிர இதில் புதிய தத்துவம் எதுவும் இல்லை.

இனி, சாத்தியத்தைக் கேட்கும் வினாக்கள். எல்லாக் கூடைகளும் குதிரைகளாக இருக்கக்கூடும் என்று முடிவு அமைந்தால், கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. இப்போது மறுக்கும் படம் தேவையில்லை. கூற்றுகளுக்கு முரண்படாமல் முடிவை மெய்யாக்கும் படம் ஒன்று அகப்பட்டாலே போதும். கூடை வட்டம் முழுவதையும் குதிரை வட்டத்துக்குள் வைத்து வரைவதற்கு நம் கூற்றுகளில் தடையொன்றும் இல்லை. ஆகவே அச்சாத்தியம் பெறப்படும். வங்கித் தேர்வுகளில் பழகிவரும் 'சில மட்டுமே' என்னும் தொடரையும் இங்கே கவனிக்கவேண்டும். குடைகளில் சில மட்டுமே குதிரைகள் என்பது, சில குடைகள் குதிரைகள், சில குடைகள் குதிரைகள் அல்ல என்னும் இரண்டு செய்திகளையும் ஒருசேரச் சொல்லுகிறது. எல்லாக் குடைகளும் குதிரைகளாக இருக்கக்கூடும் என்னும் முடிவு, வெறும் 'சில' இருந்தபோது நின்றது. 'மட்டுமே' வந்து சேர்ந்தவுடன் வீழ்ந்துவிட்டது. எல்லாக் குதிரைகளும் குடைகளாக இருக்கக்கூடும் என்பதோ இப்போதும் நிற்கிறது, ஏனெனில் குதிரைகளைப் பற்றி அத்தொடர் எந்த வரம்பும் விதிக்கவில்லை.

கல்லூரியில் நவீன தர்க்கம் பயின்ற மாணவன் ஒருவன் இத்தேர்வுகளில் எதிர்கொள்ளும் சங்கடம் ஒன்று உண்டு. எல்லாக் கூடைகளும் குடைகள் என்றால் சில கூடைகள் குடைகள் என்பது பெறப்படுமா? அரிஸ்டாட்டிலின் மரபு பெறப்படும் என்கிறது. பெயர் சொல்லிப் பேசும் வகுப்பில் ஒன்றேனும் இருக்கும் என்று அது கொள்ளுகிறது. ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட பெருநூலுக்குப் பின் வளர்ந்த கணித தர்க்கமோ அவ்வாறு கொள்வதில்லை. எல்லா யாளிகளும் துதிக்கை உடையன என்று நம் கோயிற் சிற்பங்களைக் கண்டு ஒருவர் சொல்லலாம். அதிலிருந்து யாளி என்று ஒன்று உலகில் உண்டு என்று முடிவு செய்துவிடலாமா? செய்யலாகாது என்று கொண்டால், 24 ஆக இருந்த செல்லுபடியாகும் வடிவங்கள் 15 ஆகச் சுருங்கிவிடுகின்றன. நமது போட்டித் தேர்வுகள் பழைய மரபையே பின்பற்றுகின்றன; ஆதலின் தேர்வில் 'எல்லாம்' என்பதிலிருந்து 'சில' என்பதைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் அது ஓர் உடன்படிக்கையே என்பதை மாணவன் அறிந்திருத்தல் நன்று.

மனிதர் இவ்வினாக்களில் ஏன் தவறுகின்றனர் என்பதை உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். உட்வொர்த், செல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1935-இல் ஒரு காரணத்தை எடுத்துக் காட்டினர். கூற்றுகளின் தொனி மனத்தில் ஒரு சூழலைப் பரப்பிவிடுகிறது. 'சில' என்னும் சொல் கூற்றில் ஒலித்தால், 'சில' என்று தொடங்கும் முடிவு பொருத்தமாகத் தோன்றுகிறது. எதிர்மறை ஒலித்தால் எதிர்மறை முடிவு இனிக்கிறது. இரண்டாவது காரணம் நம்பிக்கை. எல்லா மீன்களும் நீந்துவன. எல்லாச் சுறாக்களும் நீந்துவன. ஆகவே எல்லாச் சுறாக்களும் மீன்கள் என்று ஒருவர் சொன்னால், பலரும் தலையசைத்து விடுவர். சுறா மீனினம் என்பது உண்மைதானே. அதே இடத்தில் திமிங்கிலத்தை வைத்துப் பார்த்தால் முடிவு பொய்யாகி, வடிவத்தின் பழுது வெளிப்படுகிறது. இங்கிலாந்தில் எவன்ஸும் அவருடைய துணைவர் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், பெறப்படாத முடிவுகளை அவை நம்பத்தக்கனவாக இருந்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 71 பங்கு ஏற்றுக்கொண்டவர்கள், நம்பத்தகாதனவாக இருந்தபோது ஏறத்தாழ 10 பங்கே ஏற்றனர். வடிவம் இரண்டிடத்தும் ஒன்றுதான். மனத்துக்குப் பிடித்த முடிவை நாம் சோதிப்பதில்லை. பிடிக்காத முடிவை மட்டுமே துருவிப் பார்க்கிறோம். மூன்றாவது காரணத்தை ஜான்சன்-லேர்ட் என்னும் அறிஞர் விளக்கினார். கூற்றுகளைக் கேட்டவுடன் மனம் ஒரு படத்தைச் சமைத்துக்கொள்கிறது. அப்படத்தில் முடிவு மெய்யாகக் காணப்பட்டால் அங்கேயே நின்றுவிடுகிறது. வேறு படம் உண்டா என்று தேடுவதில்லை. எத்தனை படங்களைச் சமைக்க வேண்டியிருக்கிறதோ அத்தனைக்கு வினா கடினமாகிறது.

கூற்றைக் கூற்றாகவே ஏற்றுக்கொள்வதும் பிறப்பிலேயே கைவருவது அன்று. ரஷ்ய உளவியலார் லூரியா, 1931, 1932 ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானத்துக் கிராமங்களுக்குச் சென்று, எழுத்தறியாத விவசாயிகளிடம் ஒரு வினாவை விடுத்தார். பனி மூடிய தூர வடக்கில் கரடிகளெல்லாம் வெண்ணிறத்தன. நோவயா செம்லியா என்னும் தீவுக்கூட்டம் தூர வடக்கில் உள்ளது. அங்குள்ள கரடியின் நிறம் யாது? அவர்களுள் பலர், தாம் அங்கே போனதில்லை என்றும், பார்த்தவரைத்தான் கேட்கவேண்டும் என்றும் விடை கூறினர். சிறிது காலம் பள்ளிப் பயிற்சி பெற்றவர்களோ எளிதில் விடை சொன்னார்கள். முன்னவரை அறிவிற் குறைந்தவர் என்று எண்ணுவது பெரும் பிழை. கண்டதை மட்டுமே சாட்சி சொல்லவேண்டும் என்னும் ஒழுக்கத்தில் நின்றவர்கள் அவர்கள். தேர்வு கேட்பது மற்றோர் ஒழுக்கத்தை; 'இவை மெய்யென்று வைத்துக்கொண்டால்' என்னும் நிபந்தனைக்குள் நின்று, அதற்கு மேலும் போகாமல் அதற்குக் கீழும் நில்லாமல் விடை காணும் ஒழுக்கம் அது.

நம் நாட்டுத் தர்க்க மரபு இவ்விரண்டையும் இணைக்க முயன்றது என்பது குறிப்பிடத்தக்கது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு என்று சொல்ல வந்த நியாய சாஸ்திரத்தார், புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்னும் பொது விதியோடு நின்றுவிடாமல், அடுக்களையைப் போல என்று கண்கூடான உதாரணம் ஒன்றையும் அனுமானத்தின் உறுப்பாகவே வேண்டினர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவணவடிகள் மணிமேகலைக்குப் பக்கம் (நிறுவவேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) என்னும் உறுப்புகளை விளக்கி, எஞ்சிய உபநயமும் (பொருத்திக் காட்டல்) நிகமனமும் (முடிவு) திட்டாந்தத்தினுள் அடங்கும் என்கிறார்; அவற்றில் நேரும் குற்றங்களையும் வகைவகையாக எடுத்துரைக்கிறார். காப்பியத் தலைவி துறவின் வாயிலில் நின்று கேட்கும் பாடங்களுள் ஒன்றாகத் தர்க்கம் அமைந்திருப்பது, பிழைபட்ட அனுமானத்தை நம் முன்னோர் எவ்வளவு கடுமையாகக் கருதினர் என்பதற்குச் சான்றாகும்.

தேர்வுக்குப் பயிலும் இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. 'பெறப்படும்' என்று விடை குறித்துவிட்டு அடுத்த வினாவுக்கு ஓடுவதற்கு முன்னர், அம்முடிவைப் பொய்யாக்கும் படம் ஒன்றை முழு முயற்சியோடு தேடுங்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது, 'பெறப்படாது' என்று விடையிட்ட ஒவ்வொரு வினாவிற்கும் அதன் முடிவை மறுக்கும் படத்தை நோட்டில் வரைந்து வையுங்கள். தொடக்கத்தில் இது காலத்தை விழுங்கும். நாளடைவில் கை வரைவதற்கு முன்பே மனம் வரைந்துவிடும். வினா ஒன்றுக்கு ஒரு நிமிடங்கூடக் கிட்டாத தேர்வில், தவறான விடைக்கு மதிப்பெண்ணும் குறைக்கப்படும் நிலையில், அப்பழக்கமே வேகத்தையும் தரும், காப்பையும் தரும்.

இத்தேர்வில் தேறியவர் நாளை ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக அமர்வார். மனுதாரர் ஒருவருடைய கடன் விண்ணப்பம் அவர் மேசைக்கு வரும். இம்மனுதாரர் இவ்வூரார், இவ்வூராரில் சிலர் வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தவில்லை என்று இரண்டு செய்திகள் அவர் முன் நிற்கும். இவ்விரண்டிலிருந்தும் அந்த மனிதரைப் பற்றி எந்த முடிவும் பெறப்படாது என்று அவர் அறிந்திருந்தால், அம்மனிதரின் வருவாயையும் கணக்கையும் ஆராய்ந்து தீர்ப்பளிப்பார். அறியாவிட்டால் ஊரின் பெயரைக் கொண்டே ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார். சாதியின் பெயராலும் மதத்தின் பெயராலும் மொழியின் பெயராலும் உலகில் நிகழும் அநீதிகளுள் பல, 'சிலர்' என்பதிலிருந்து 'இவர்' என்பதற்குத் தாவிய அனுமானங்களே. ஆகவே, சொல்லப்பட்டதற்கு மேல் ஒரு சொல்லையும் சேர்க்காத இந்தப் பயிற்சியைத் தேர்வு முடிந்தவுடன் கைவிடாமல், பதவியிலும் பொதுவாழ்விலும் தொடர்ந்து கைக்கொள்வது, கற்றவர் ஒவ்வொருவரும் சமுதாயத்துக்குச் செய்யவேண்டிய கடமையாகும்.